நடக்கச் சொன்னீர்கள், நிற்கவும் சொல்லிக்கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்க்கரை நோயாளிகளுக்கான உடற்பயிற்சி பற்றி உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகநடை, தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் விட்டுவிடக் கூடாது, கூடவே வாரத்தில் இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சி என்று எழுதியிருந்தார்கள். எல்லாமே சரியான தகவல். ஆனால் அத்தனை பெரிய கட்டுரையில் கீழே விழுவதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. உங்கள் கட்டுரையாளரை மட்டும் குறை சொல்லவில்லை. சுகர் என்று தெரிந்த நாளிலிருந்து ஒருவர் யாரிடம் போய்க் கேட்டாலும் 'நடங்க, நல்லா நடங்க' என்பதுதான் பதில். அந்த மனிதரால் முதலில் ஆடாமல் நிற்க முடிகிறதா என்று பார்ப்பவர்கள் அபூர்வம்.

நான் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். என் கணவருக்கும் பல வருடமாக டைப் 2 சர்க்கரை. ஆக, இந்த விஷயத்தை ஆஸ்பத்திரியிலும் பார்த்திருக்கிறேன், வீட்டு வாஷ்பேசின் முன்னாலும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வாஷ்பேசின் என்று சும்மா சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் முகம் கழுவும்போது இடுப்பைப் பேசின் விளிம்பில் முட்டுக்கொடுத்துக்கொள்வார். சோப்பு போட்டுக் கண்ணை மூடினால் உடம்பு மெதுவாக முன்னால் சாயும், பேசின்தான் தாங்கும். அவருக்கே அது தெரியாது. கேட்டால், "எப்பவும் இப்படித்தானே கழுவுறேன், உனக்கு எதைப் பார்த்தாலும் வியாதிதான்" என்பார். கண் திறந்திருக்கும்வரை கம்பீரமாக நிற்கிற ஆள், கண்ணை மூடியதும் ஏன் சாயவேண்டும்?

விழாமல் நிற்பதற்கு மூளைக்கு மூன்று பக்கத்திலிருந்து சேதி வந்துகொண்டே இருக்கவேண்டும். கண், உள்காது, அப்புறம் கால். பாதத்தின் தோல், கணுக்கால் மூட்டு, கெண்டைக்கால் தசை எல்லாம் சேர்ந்து, உடம்பின் பாரம் இப்போது குதிகாலில் இருக்கிறதா, முன்பாதத்தில் இருக்கிறதா என்று நொடிக்கு நொடி சொல்லிக்கொண்டிருக்கும். சர்க்கரை வருடக்கணக்கில் கூடுதலாக இருந்தால் உடம்பிலேயே மிக நீளமான நரம்புகள்தான் முதலில் அடிவாங்கும். அதனால்தான் மரமரப்பு கால்விரல் நுனியில் ஆரம்பித்து மேலே ஏறுகிறது. சர்க்கரை உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் இந்த நரம்புப் பாதிப்பு வருகிறது. எரிச்சலும் குத்தலும் இருப்பவர்கள் எப்படியும் டாக்டரிடம் போய்விடுவார்கள். வலியே இல்லாமல் உணர்ச்சி மட்டும் குறைந்துகொண்டு போகிறதே, அவர்கள்தான் யாரிடமும் சொல்லாதவர்கள். 'பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு' என்பார்கள், அதுவும் நாம் துருவிக் கேட்டால்தான். 'செருப்பு கழன்டு விழுந்ததே தெரியலை, திரும்பிப் பார்த்தா பின்னாடி கிடக்கு' என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

கால் அனுப்பும் சேதி குறைந்ததும் மூளை கண்ணை அதிகம் நம்ப ஆரம்பிக்கிறது. பகலில் ஓட்டிவிடலாம். ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்திருக்கும்போது, முகத்தில் சோப்பு இருக்கும்போது, பனியனைத் தலைக்கு மேலாகக் கழற்றும்போது கண்ணும் இல்லை, காலும் இல்லை. உள்காது ஒன்று மட்டும் என்ன செய்யும்? காலைச் சேர்த்து நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லிப் பார்க்கும் சோதனைக்கு, 19ஆம் நூற்றாண்டில் அதை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் மோரிட்ஸ் ரோம்பர்க்கின் பெயர்தான் இன்றும். கருவி வேண்டாம், அறை வேண்டாம், அரை நிமிடம் போதும். எதிரே ஒருவர் கையை விரித்துப் பிடிக்கத் தயாராக நிற்கவேண்டும், அவ்வளவுதான்.

காலை மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. விழித்திரை பாதித்தால் படிக்கட்டின் விளிம்பு மங்கும். தொடைத்தசை மெலியும். உட்கார்ந்து எழுந்ததும் பிபி சரிவது, இன்சுலினும் சில மாத்திரைகளும் சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடுவது என்று வரிசையாகக் காரணங்கள் உண்டு. இதில் பலருக்குத் தெரியாத ஒன்று: டைப் 2 உள்ளவர்களுக்கு ஸ்கேனில் எலும்பு அடர்த்தி நன்றாக இருப்பதாக வந்தாலும், இடுப்பெலும்பு முறியும் அபாயம் மற்றவர்களைவிட அதிகம். ரிப்போர்ட்டைப் பார்த்து நிம்மதியாகிவிடக் கூடாது.

சரி, தினமும் நடக்கிறோமே, அதிலேயே பேலன்ஸும் வந்துவிடாதா என்று கேட்பார்கள். இங்கேதான் எனக்கும் 'நடங்க' கட்சிக்கும் வழக்கு. சமதரையில் நேராக, பழகிய வேகத்தில் நடப்பது இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது. ஆனால் தடுமாற்றம் வரும்போது உடம்பைப் பிடித்து நிறுத்தும் வேலை அதில் மிகக் குறைவு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2019இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, உடற்பயிற்சியால் முதியவர்கள் விழுவது குறைகிறதா என்று உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. பேலன்ஸும் அன்றாட அசைவுகளும் சேர்ந்த பயிற்சிகள், விழும் எண்ணிக்கையைச் சுமார் 24 சதவீதம் குறைத்திருந்தன. வெறும் நடை மட்டும் கொண்ட திட்டங்கள் விழுவதைக் குறைக்கின்றன என்று சொல்லப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. அது பொதுவாக முதியவர்களைப் பற்றியது. சர்க்கரை உள்ளவர்களுக்கென்றே செய்த ஒரு சிறிய ஆய்வு 2010இல் 'டயாபடீஸ் கேர்' இதழில் வந்தது. ஆறு வாரம், வாரத்தில் மூன்று நாள் பேலன்ஸும் கால்பலமும் சேர்ந்த பயிற்சி. டைப் 2 உள்ளவர்களின் கால்பலம் கூடியது, உடம்பின் ஆட்டம் குறைந்தது, விழும் அபாயமும் இறங்கியது. கலந்துகொண்டவர்கள் கொஞ்சம் பேர்தான், அதை வைத்து முரசு கொட்ட முடியாது. ஆனால் நான் வேலையில் பார்த்ததற்கும் அதற்கும் முரண்பாடு இல்லை.

அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2016லேயே, சர்க்கரை உள்ள முதியவர்கள் வாரத்தில் இரண்டு மூன்று முறை பேலன்ஸ் பயிற்சி செய்யவேண்டும் என்று எழுதிவைத்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2020இல், 65 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் வாரத்தில் மூன்று நாளாவது பேலன்ஸும் பலமும் சேர்ந்த பயிற்சி வேண்டும் என்றது. அதே ஆவணங்களிலிருந்துதான் 150 நிமிடக் கணக்கும் வருகிறது. அந்த வரி மட்டும் எல்லோர் வாயிலும் புழங்குகிறது, பக்கத்து வரி வழியிலேயே தொலைந்துபோகிறது.

டாக்டர்களில் சிலருக்கே இதில் நம்பிக்கை கிடையாது. 'நரம்பு போனது போனதுதான், நிற்கப் பழகி என்ன ஆகப்போகிறது' என்று ஒரு மருத்துவர் என் முன்னாலேயே நோயாளியிடம் சொல்லியிருக்கிறார். மரத்துப்போன விரலுக்கு உணர்ச்சியைத் திருப்பித் தருகிறேன் என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் மிச்சம் இருக்கிற சேதியை மூளை கூர்மையாகப் படிக்கப் பழகும். கணுக்கால் தசைகள் வேகமாக வேலை செய்யப் பழகும். கணுக்காலால் முடியாதபோது இடுப்பை வளைத்துச் சமாளிப்பது, அதுவும் முடியாதபோது சட்டென ஓர் அடி எடுத்து வைப்பது, இவையெல்லாம் பழக்கத்தில் வருகிற காரியங்கள். விழுகிறவரும் விழாதவரும் பிரிகிற இடம் பெரும்பாலும் அந்தக் கடைசி ஓர் அடிதான்.

ஒரு பெண்மணியைச் சொல்கிறேன். அறுபதைத் தாண்டியவர். ஒருமுறை விழுந்து மணிக்கட்டு உடைந்ததிலிருந்து வீட்டில் அவரை எழுந்திருக்கவே விடமாட்டார்கள். "நீங்க உக்காருங்கம்மா, நான் எடுத்துத் தர்றேன்" என்று மகன் ஒருபக்கம், மருமகள் ஒருபக்கம். பாசம்தான், மறுக்கவில்லை. அந்தப் பாசத்தில் சில மாதத்தில் தொடை பாதியாகிவிட்டது. பயம் வந்தால் அசைவு குறையும், அசைவு குறைந்தால் கால் பலம் போகும், பலம் போனால் பயம் நியாயமாகிவிடும். என்னிடம் வந்தபோது கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார், விரல்முட்டி வெளுத்திருந்தது.

கம்பியைப் பிடிக்கும் கையிலிருந்துதான் நான் எப்போதும் ஆரம்பிப்பேன். முதலில் உள்ளங்கை முழுவதும் கம்பியில். கால் இரண்டும் சேர்ந்திருக்கட்டும். ஆட்டம் அடங்கினதும் நான்கு விரல். பிறகு இரண்டு விரல். பிறகு ஆள்காட்டி விரலின் நுனி, அழுத்தாமல், சும்மா தொட்டுக்கொண்டு. கடைசியில் விரலைக் கம்பிக்கு ஓர் அங்குலம் மேலே தூக்கி வைத்துக்கொள்ளவேண்டும். விரல் நுனியால் தொட்டாலே உடம்பின் ஆட்டம் பாதி அடங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். பாரத்தைத் தாங்குவது கை அல்ல, 'நீ இங்கே இருக்கிறாய்' என்று மூளைக்கு ஒரு சேதி போகிறது, அதுவே போதும். அவர் விரலைத் தூக்கிய நாளில் நான் முகத்தைப் பார்க்கவில்லை, பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல்கள் தரையைக் கவ்விப் பிடித்தன. கணுக்காலுக்கு முன்னால் தசைநாண்கள் ஒன்று மாற்றி ஒன்று துள்ளின. "கால் நடுங்குதே, நிறுத்திடவாம்மா?" என்றார். அந்தத் துள்ளல்தான் பயிற்சி, அது நின்றுபோனால்தான் அடுத்த பாடத்துக்குப் போகவேண்டும் என்றேன்.

வீட்டில் கம்பி இருக்காது. வேண்டியதும் இல்லை. இரண்டு சுவர் சேரும் மூலையில், மூலைக்கு முதுகைக் காட்டி ஒரு சாண் தள்ளி நின்றுகொள்ளுங்கள். முன்னால் ஒரு கனமான நாற்காலி, முதுகுச்சாய்வு உங்கள் பக்கம் இருக்கும்படி. பின்னால் சாய்ந்தால் சுவர், முன்னால் சாய்ந்தால் நாற்காலி. சக்கரம் வைத்த நாற்காலி வேண்டாம், இலேசான பிளாஸ்டிக் நாற்காலியும் வேண்டாம். இந்தக் கூண்டுக்குள் நின்று, பாதங்களைச் சேர்த்து 10 விநாடி. பிறகு ஒரு பாதத்தை அரை அடி முன்னால் நகர்த்தி, அதன் குதிகாலை மற்றதன் பெருவிரலுக்குப் பக்கத்தில் வைத்து 10 விநாடி. அப்புறம் ஒன்றுக்கு நேர் முன்னால் ஒன்று, குதிகால் விரலைத் தொடும்படி. இந்த மூன்றாவது நிலையில் 10 விநாடி நிற்க முடியாதவர்களுக்கு விழும் அபாயம் கூடுதல் என்று மருத்துவமனைகளில் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆகவே இது பயிற்சியும்தான், சோதனையும்தான். ஒற்றைக்கால் நிலை இதற்கெல்லாம் பிறகு வருவது.

ஒற்றைக்கால் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். 2022இல் பிரேசில் ஆய்வு ஒன்றை வைத்து, '10 விநாடி ஒற்றைக்காலில் நிற்க முடியாவிட்டால் ஆயுள் குறைவு' என்று பத்திரிகைகள் போட்டுப் பயமுறுத்தின. நிற்க முடியாதவர்களிடையே அடுத்துவந்த வருடங்களில் இறப்பு அதிகமாக இருந்தது உண்மை. ஆனால் அந்த ஆய்விலேயே இன்னொரு கணக்கு இருந்தது. நிற்க முடியாமல் போனவர்களில் சுமார் 38 சதவீதம் பேருக்கு டைப் 2 சர்க்கரை, நின்றவர்களில் சுமார் 13 சதவீதம் பேருக்குத்தான். சர்க்கரைக்கும் பேலன்ஸுக்கும் உள்ள உறவு அந்த இரண்டு எண்ணில் அப்பட்டமாகத் தெரிகிறது, அதைத் தலைப்பாக்க யாருக்கும் தோன்றவில்லை.

நிற்கப் பழகினதும் அசைவு சேரவேண்டும். நாற்காலியைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்குவது, பிறகு முன்பாதத்தை மட்டும் உயர்த்துவது. பலர் முதலாவதோடு நிறுத்திவிடுகிறார்கள். கம்பளத்தின் விளிம்பில் கால் தட்டி விழாமல் காப்பது முன்பாதத்தைத் தூக்கும் தசைதான், அதனால் இரண்டாவதை விடவே கூடாது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. எழுவதைவிட மெதுவாக உட்காருவது கடினம், தொப்பென்று விழுந்தால் அது கணக்கில் வராது. சமையலறை மேடையைத் தொட்டுக்கொண்டு பக்கவாட்டில் நடப்பது, பின்னோக்கி நடப்பது. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் 1990களில் வீட்டிலேயே செய்வதற்கென்று உருவாக்கிய திட்டத்தில் ஏறக்குறைய இவைதான் இருக்கின்றன. அதைச் செய்த முதியவர்களிடையே விழுவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. பெரிய ரகசியம் எதுவும் இல்லை. தொடர்ந்து செய்யவேண்டும், எளிதாகிவிட்டால் கொஞ்சம் கடினமாக்கவேண்டும், விட்டால் பலன் கரைந்துவிடும். அதுவே கஷ்டம்.

கடினமாக்குவது என்றால் பலர் உடனே கண்ணை மூடுகிறார்கள். கால் மரத்தவர்களுக்கு அது கடைசிப் பாடம், அதுவும் பக்கத்தில் ஆள் இருந்தால் மட்டும். அதற்கு முன்னால் தலையை இடமும் வலமும் மெதுவாகத் திருப்பலாம். பேசிக்கொண்டே செய்யலாம். 100லிருந்து மூன்று மூன்றாகக் குறைத்துச் சொல்லிக்கொண்டே நடக்கச் சொன்னால் என் கணவர் 88இல் நின்றுவிடுவார், காலும் நின்றுவிடும். பேச ஆரம்பித்ததும் நடையை நிறுத்திவிடுகிறவர்கள் பின்னால் விழும் வாய்ப்பு அதிகம் என்று 1997இலேயே 'லான்செட்' இதழில் எழுதினார்கள். நடைக்கே மூளையின் முழுக்கவனமும் தேவைப்படுகிறது என்று அதற்கு அர்த்தம்.

ஒரு பிரபலமான யோசனைக்கு எதிராகவும் எழுதியாகவேண்டும். பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் நில்லுங்கள் என்று செல்போனில் வீடியோக்கள் சுற்றுகின்றன. என் கணவரும் அதைப் பார்த்துவிட்டு, "பாரு, உன் வேலையெல்லாம் பல் தேய்க்கிற நேரத்திலேயே முடிஞ்சுடும்" என்று வந்தார். நல்ல உணர்ச்சி உள்ள காலுக்கு அது சரி. கால் மரத்தவருக்கு ஈரத் தரை, ஒரு கையில் பிரஷ், வாய் நிறைய நுரை, பிடிக்க ஒன்றும் இல்லாத நிலை. இதைவிட மோசமான இடத்தைத் தேடினாலும் கிடைக்காது. "நீங்க மூலைக்குப் போங்க" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போனார், போகிறார்.

வெறுங்காலா, காலணியா என்றும் நிறையப் பேர் கேட்பார்கள். தரை நன்றாகத் தெரியவேண்டுமானால் வெறுங்கால் நல்லது. ஆனால் உணர்ச்சி இல்லாத காலில் ஒரு முள் ஏறினாலும் தெரியாது, புண் வந்த பிறகுதான் தெரியும். என் முடிவு, மெல்லிய, கெட்டியான அடிப்பாகமும் குதிகாலைப் பிடிக்கும் வாரும் உள்ள காலணி. மெத்து மெத்தென்ற தடித்த சோல் சுகமாக இருக்கும், இருக்கிற கொஞ்ச சேதியையும் அமுக்கிவிடும். விரலில் மாட்டும் செருப்பு இந்தப் பயிற்சிக்கு ஆகவே ஆகாது. முடித்ததும் பாதத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிடுங்கள், குனிய முடியாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம்.

கடிதம் நீள்கிறது, தெரிகிறது. எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் இந்தப் பத்தியை மட்டும் தயவுசெய்து வெட்டாதீர்கள். இன்சுலின் போடுகிறவர்களும், கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் பயிற்சிக்கு முன் சர்க்கரை 90க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு ஆரம்பிக்கவேண்டும். 70க்குக் கீழே போனால் அது தாழ்சர்க்கரை, அன்றைக்கு முதலில் அதைச் சரிசெய்வதுதான் வேலை. வியர்வை, கைநடுக்கம், படபடப்பு வந்தால் பயிற்சியின் களைப்பு என்று எண்ணி இழுத்துப்போட்டுச் செய்யக்கூடாது. எழுந்து நின்றதும் கிறுகிறுப்பவர்கள் படுத்தும் நின்றும் பிபி பார்க்கச் சொல்லுங்கள். நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் டாக்டரிடம் பேசிவிட்டுத்தான் மற்றது. பாதத்தில் ஆறாத புண் இருந்தால் நின்று செய்யும் எதுவும் வேண்டாம், உட்கார்ந்து செய்கிறவை இருக்கின்றன. விழித்திரையில் ரத்தக்கசிவு உள்ளவர்கள் மூச்சைப் பிடித்துப் பாரம் தூக்குவதையும் குதிப்பதையும் தவிர்க்கவேண்டும். மெட்பார்மின் வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். அதுவும் நரம்பைக் கெடுக்கும், பேலன்ஸைக் கெடுக்கும், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், சரிசெய்யவும் முடியும். எல்லா மரமரப்பையும் சர்க்கரையின் தலையில் கட்டிவிட வேண்டாம்.

டாக்டர்களிடம் ஒரு வேண்டுகோள். டைப் 2 என்று கண்டுபிடித்த நாளிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை பாதத்தைப் பரிசோதிக்கவேண்டும் என்பது விதி. நைலான் இழையால் தொட்டுப் பார்ப்பார்கள், அதிர்வு தெரிகிறதா என்று பார்க்க இசைக்கவையை (டியூனிங் ஃபோர்க்) தட்டிப் பெருவிரலில் வைப்பார்கள். செய்கிற இடங்களில் நன்றாகவே செய்கிறார்கள். அந்த நேரத்தில் நோயாளி பெரும்பாலும் படுத்திருப்பார் அல்லது உட்கார்ந்திருப்பார். அப்படியே எழுந்து நிற்கச் சொல்லி, 3 மீட்டர் நடந்து திரும்பிவந்து உட்காரச் சொல்லுங்கள். 12 விநாடி அல்லது அதற்கு மேல் எடுத்தால் பிசியோதெரபிக்கு ஒரு சீட்டு எழுதிக்கொடுங்கள். காத்திருக்கும் கூட்டம் எனக்கும் தெரியும். ஆனால் உள்ளே வந்து உட்கார்ந்து, எழுந்து வெளியே போகத்தானே போகிறார், அதைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒருமுறை கவனித்தாலும் பாதி விஷயம் தெரியும். 'கடந்த வருடத்தில் எப்போதாவது விழுந்தீர்களா?' என்ற கேள்விக்கு அந்த நேரம்கூட ஆகாது. கேட்காவிட்டால் சொல்லமாட்டார்கள். விழுந்ததை வயதானதற்கான சாட்சியாக நினைத்து வீட்டிலேயே மறைப்பவர்கள் உண்டு, அதிலும் ஆண்கள்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். நலவாழ்வுப் பக்கத்தில் இந்தப் பயிற்சிகளைப் படத்தோடு, பெரிய எழுத்தில், வெட்டிச் சுவரில் ஒட்டும்படி ஒருமுறை வெளியிடுங்கள். எழுதித் தர நான் தயார். படம் மட்டும் பார்த்துப் போடுங்கள். பேலன்ஸ் பற்றி எந்தக் கட்டுரை வந்தாலும் ஓர் இளம்பெண் கடற்கரையில் கையை விரித்து ஒற்றைக்காலில் நிற்கிறாள். அவளுக்கு இந்தப் பயிற்சி தேவையில்லை. தொப்பை விழுந்த, கண்ணாடி போட்ட, அறுபத்தைந்து வயதுக்காரர் ஒருவர் சுவர் மூலையில் நாற்காலியை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு நிற்கிற படம் வேண்டும். காலில் வார்வைத்த காலணி இருக்கவேண்டும். படத்துக்கு ஆள் கிடைக்காவிட்டால் சொல்லுங்கள், என் வீட்டில் ஒருவர் இருக்கிறார், முதலில் மறுப்பார், பிறகு தலைவாரிக்கொண்டு வந்து நிற்பார்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற பிசியோதெரபிஸ்ட்